எஞ்சினின் மூச்சை அளக்கும் தண்டு

ஏரல் வாழைத் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினைப் பார்த்திருப்பீர்கள். அதிலும் பந்தயக் காரிலும் உள்ள உறுப்பு கேம் ஷாப்ட். இத்தண்டிலுள்ள முட்டை வடிவப் புடைப்புகள் வால்வுகளைத் தள்ளித் திறக்கின்றன. 1206-ஆம் ஆண்டிலேயே அல்-ஜஸாரி தமது இயந்திர நூலில் இத்தகைய புடைப்புத் தண்டை விவரித்துள்ளார்.

நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுழலும் எஞ்சின் ஒருமுறை காற்றை உள்ளிழுக்க நொடியில் 50-இல் ஒரு பங்கு கிடைக்கிறது. 6000 சுற்றில் கிடைப்பதோ 200-இல் ஒரு பங்கே! அதற்குள் சிலிண்டர் நிறைய வேண்டுமே, என்ன செய்வது?

சென்னையை அடுத்த சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், 1950-களிலிருந்து கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. இத்தகைய பந்தயங்களுக்கு எஞ்சினைத் தயார் செய்வோர் உலகெங்கும் கையாண்ட வழி, கேம் ஷாப்டை மாற்றுவது. புதிய தண்டின் புடைப்புகள் வால்வை அதிக உயரத்துக்கு, அதிக நேரம் திறந்து வைக்கும். உச்ச வேகத்தில் ஆற்றல் பெருகும்.

ஆனால் இலாபத்தோடு இழப்பும் உண்டு. குறைந்த வேகத்தில் எஞ்சின் குலுங்கும், இழுவை குறையும், பெட்ரோல் அதிகம் செலவாகும். பொருத்தும்போது பல் ஒன்று தவறினால், சில எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதி இரண்டும் சிதையும்.

1989-இல் ஹோண்டா நிறுவனம் ஒரே தண்டில் இருவகைப் புடைப்புகளை அமைத்தது. மெதுவாகச் செல்ல ஒன்று, விரைய மற்றொன்று. மெக்கானிக் ஸ்பானர் பிடித்துச் செய்த மாற்றத்தை, ஓடும்போதே எஞ்சின் தானே செய்துகொண்டது!