கவசம் போர்த்திய ஆறாம் நூற்றாண்டு



அமெரிக்க ஆயுதத் தொழிற்சாலைப் பணியாளன் ஒருவன் தலையில் அடிபட்டு மயங்கி, கி.பி. 528-இல், ஆர்தர் மன்னனின் நாட்டில் கண்விழிக்கிறான். மார்க் டுவெயின் 1889-இல் வெளியிட்ட புதினம் இது. எத்துணை அருமையான கரு! ஆயினும், உரோமர் நீங்கிய பிரிட்டனைத் தேடிப் படித்த எனக்கு ஏமாற்றமே எஞ்சியது. உடல் முழுதும் மூடிய தகட்டுக் கவசம் அக்காலத்தில் ஏது? அது பெரிதும் 15-ஆம் நூற்றாண்டுக்குரியது. 1485-இல் அச்சேறிய மாலரியின் ஆர்தர் கதையே டுவெயினுக்கு மூலம். அடிமைமுறையைச் சாடும் பக்கங்கள் நெஞ்சைச் சுடுகின்றன. அதை மறுக்க இயலாது. நகைச்சுவையாய்த் தொடங்கிய கதையோ 25,000 பிணங்களில் போய் முட்டுகிறது.

சுருக்கப் பதிப்பைப் படித்த மாணவன் ஒருவன், ஆறாம் நூற்றாண்டு வீரனென்று அதே கவசத்தை வரைந்து வந்தான். படம் அழகாகவே இருந்தது. சிவப்பு மையால் அடிக்க மனம் வரவில்லை. ஓரத்தில் 'இஃது எந்த நூற்றாண்டு?' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.