கூடாரத்தைத் தூக்கியவர்கள்

அடி அண்ணாமலையில் ஓர் இரவு தங்குவதற்குக் கூடாரம் வேண்டும் என்று அந்தக் காலத்து ஆள் யாரும் நினைத்திருக்க மாட்டார். மலையின் பின்பக்கம், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வருண லிங்கம் தாண்டி வருகிற ஊர் அது. ஆதி அருணாசலேஸ்வரர் கோயில், சற்றுத் தள்ளி மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில், வழியெல்லாம் குளங்கள், கல் மண்டபங்கள். நடந்து களைத்தவர் துண்டை உதறிப் போட்டால் அதுவே படுக்கை. ரமணர் அன்பர்களோடு மலையைச் சுற்றிய நாட்களில் பாத்திர பண்டங்களோடு கிளம்புவார்கள். வழியில் சமைத்துச் சாப்பிட்டு, கிடைத்த இடத்தில் தங்கி, சில சமயம் ஒரு வாரம் கழித்துத்தான் திரும்புவார்கள். 1926-க்குப் பிறகு அவர் கிரிவலம் போகவில்லை. அதுவரை நடந்த சுற்றுகளில் இரவுக்குக் கூரையாக மண்டபமும் மரமும் போதுமாக இருந்தன.

குடும்பத்தோடு வருகிறவர்களுக்குக் கூண்டு வண்டி. வைக்கோலைப் பரப்பி மேலே ஜமுக்காளம் விரித்த வண்டிக்குள் பெண்களும் குழந்தைகளும் படுப்பார்கள். வண்டிக்கு அடியில் ஆண்கள். சாலையோரத்தில் மூன்று கல்லைக் கூட்டினால் அடுப்பு. சமையலறையும் படுக்கையும் உள்ள வண்டியை மலைப் பூங்காவுக்கு ஓட்டிப்போய் மரத்தடியில் நிறுத்துகிற அமெரிக்கக் குடும்பம் செய்வதும் இதையேதான். கார்த்திகை தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தைக்கு வருகிற வியாபாரிகள் இன்றும் மாடுகளோடு வெட்டவெளியில்தான் இரவைக் கழிக்கிறார்கள்.

கூடாரம் இந்த அடிவாரத்துக்கு வந்தது படைகளோடு. மேற்கே பாராமகால் மேட்டு நிலத்திலிருந்து செங்கம் கணவாய் வழியாக இறங்கும் படைக்குத் திருவண்ணாமலை வழியிலேயே கிடந்தது. 1753 முதல் 1790 வரை ஊர் பல கைகள் மாறியது. 1767 செப்டம்பர் 3 அன்று செங்கத்தில் ஹைதர் அலி, நிஜாம் படைகளோடு மோதிய கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஜோசப் ஸ்மித் திருவண்ணாமலைக்குப் பின்வாங்கினார். கூடுதல் படை வந்து சேர்ந்த பிறகு, அதே மாதக் கடைசியில் நடந்த சண்டையில் வென்றார். 1790-இல் தியாகதுர்கத்தைப் பிடிக்க முடியாமல் திரும்பிய திப்பு சுல்தான், எதிர்த்து நின்ற திருவண்ணாமலையைத் தாக்கிப் பிடித்தார். மலையை வணங்க வந்தவர்களுக்கு மண்டபம் இருந்தது. ஊரைப் பிடிக்க வந்தவர்களுக்கு அது போதாது. போகிற இடத்துக்கெல்லாம் வீட்டையும் கொண்டுபோக வேண்டியிருந்தது.

அந்த வீட்டின் எடை கொஞ்சநஞ்சமல்ல. பெரிய கூடாரம் என்றால் கட்டை கட்டையாக மரக் கம்பங்கள், பருத்திக் கித்தானில் இரண்டடுக்குக் கூரை, பக்கத் திரைகள், மூட்டை நிறைய முளைகள், சுருள் சுருளாகக் கயிறு. மாடும் ஒட்டகமும் யானையும் சுமந்தாக வேண்டும். அடித்து நிறுத்தத் தனி ஆட்கள்: கலாசிகள், டென்ட் லாஸ்கர்கள். பெரிய மனிதர் பயணத்தில் இரண்டு ஜோடிக் கூடாரங்கள் இருக்கும். ஒன்றில் அவர் தூங்கும்போதே மற்றொன்று அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். காலையில் அவர் போய்ச் சேரும்போது அங்கே எல்லாம் தயாராக நிற்க வேண்டும். முகலாயர் கடைப்பிடித்த முறை இது. கம்பெனி அதிகாரிகளும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

மழை பெய்தால்தான் கலாசியின் உண்மையான வேலை தெரியும். நனைந்த பருத்தி நூல் உப்பி இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். அதனால் கித்தான் ஒழுகாது. ஆனால் உள்ளேயிருந்து யாராவது விரலால் தொட்டால் தொட்ட இடத்தில் சொட்ட ஆரம்பிக்கும். கயிறு நனைந்தால் சுருங்கி இழுக்கும். இழுவை கூடினால் முளை பிடுங்கிக்கொண்டு வரும், இல்லையென்றால் துணி கிழியும். ஆகவே நடுராத்திரி மழையில் ஒருவர் எழுந்து வெளியே போய், கூடாரத்தைச் சுற்றி ஒவ்வொரு கயிறாகத் தளர்த்த வேண்டும். உள்ளே துரை தூங்குவதற்காக வெளியே ஒருவர் நனைந்தார். மறுநாள் ஈரம் காயாமல் மடித்தால் கித்தானில் கரும்பூசணம் பூக்கும். அதற்கும் திட்டு அவருக்குத்தான்.

திப்புவின் கூடாரம் ஒன்று இன்னும் பிழைத்திருக்கிறது. அது வேல்ஸ் நாட்டில், போவிஸ் கோட்டையில் இருக்கிறது. பூச்சாடிகளும் மலர்களும் வரைந்து சாயமேற்றிய பருத்தித் துணி. 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செய்யப்பட்டது. 1799-இல் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது சென்னையில் கவர்னராக இருந்தவர் எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். கூடாரம் அவர் குடும்பத்தோடு கப்பலேறிப் போய், தோட்டத்து விருந்துகளில் விருந்தாளிகளுக்கு நிழல் கொடுத்தது. 2015-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இந்தியத் துணிகளுக்கென்று நடத்திய கண்காட்சியில் அதை நிறுத்திவைத்தார்கள்.

அந்தக் கவர்னரின் மனைவி ஹென்றியட்டா 1800 மார்ச்சில் இரண்டு மகள்களோடும் இத்தாலிய ஓவியர் அன்னா டொனெல்லியோடும் சென்னையிலிருந்து ஊர் சுற்றக் கிளம்பினார். வேலூர், பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம் பார்த்துவிட்டு, கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் வழியாகத் திரும்பினார். ஏறத்தாழ ஏழு மாதம், ஆயிரம் மைலுக்கு மேல். கூடவே யானைகள், ஒட்டகங்கள், மாடுகள், நூற்றுக்கணக்கான ஆட்கள், ஒரு பியானோ. தென்னாட்டில் வெறும் ஆசைக்காகக் கூடாரத்தில் தங்கிச் சுற்றிய முதல் சுற்றுலாக்களில் ஒன்று என்று இதைச் சொல்லலாம். மகள் சார்லட் எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. பியானோவைத் தூக்கியவர்கள் நாட்குறிப்பு எழுதவில்லை.

போர் ஓய்ந்ததும் கூடாரம் அளவெடுக்கப் போனது. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலி வெயிலில் நீண்டுவிடும் என்பதால், மனிதர்களுக்கு முன்பே சங்கிலிக்கு நிழல் தேவைப்பட்டது. கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் குன்றுகளிலும் கோபுரங்களிலும் ஏற்றினார்கள். அளந்து முடித்த நிலத்துக்கு வரி போடக் கலெக்டர் வந்தார், அவரும் கூடாரத்தோடு. ஜமாபந்திக்குத் தோப்பில் கூடாரம் அடித்தால், அந்த ஊர் மணியக்காரருக்கும் கர்ணத்துக்கும் தூக்கம் போய்விடும். விறகு, வைக்கோல், பால், கோழி எல்லாம் கிராமம் கொடுத்தாக வேண்டும். சுமக்கத் தலையாரியும் வெட்டியும் நிற்க வேண்டும். காசு கைக்கு வந்ததா என்பதெல்லாம் கேள்வி கேட்க முடியாத விஷயம்.

கூடாரத்துக்குள் சாமானியரைக் காசு வாங்கிக்கொண்டு உட்காரவைத்தது சினிமா. திருச்சி ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் துபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியையும் இயேசுவின் வாழ்க்கைப் படத்தையும் வாங்கி, டென்ட் கொட்டகையோடு ஊர் ஊராகப் போனார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டி ஓர் இடத்தில் அமர்ந்தார். அவர் தொடங்கிவைத்த கொட்டகையோ டூரிங் டாக்கீஸாகிக் கிராமங்களில் பல பத்தாண்டு உட்கார்ந்து எழுந்தது. முன்பு கலெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்த அதே கித்தானுக்குக் கீழே, கூலிக்காரர் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தார். பிறகு வந்தன சாரணர் முகாமும் என்.சி.சி. முகாமும். தமிழ்நாட்டில் நடுத்தரக் குடும்பத்துப் பையன் முதன்முதலில் கூடாரத்தில் தூங்கியது பெரும்பாலும் இங்கேதான். பத்துப் பேர் இழுத்துக் கட்டிய காக்கிக் கூடாரம் அது. கலாசி இல்லை, பையன்களே கலாசிகள்.

கூடாரம் எல்லோருக்கும் ஆசைப்பட்டுக் கிடைத்ததல்ல. 2009-இல் இலங்கையில் போர் முடிந்தபோது வவுனியா செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத் தமிழர்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். வெள்ளைக் கூடாரங்களின் வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் போனது. அந்த முகாம் முழுதாக மூடப்பட்டது 2012 செப்டம்பரில்தான். அங்கே முளை அடித்தவர்கள் மறுநாள் முளை பிடுங்கிக்கொண்டு ஊர் திரும்ப முடியவில்லை.

கூடாரத்தின் தலையெழுத்தை மாற்றியது அதன் எடை. 1935-இல் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனி ஆய்வகத்தில் நைலான் பிறந்தது. போர்க்காலத்தில் பாராசூட்டுக்குப் போன துணி பிறகு மலையேறுபவர்களிடம் வந்தது. 1975-இல் நார்த் ஃபேஸ் கம்பெனி, பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் கோள வடிவக் கட்டுமானத்தைப் பார்த்து, வளையும் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் பூட்டிய கூடாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நடுக்கம்பம் போயிற்று. யானை சுமந்தது, கல்லூரி மாணவர் முதுகுப் பையின் ஓரத்துக்கு வந்துவிட்டது. இரண்டு பேர் படுக்கும் டோம் டென்ட் இரண்டு மூன்று கிலோதான்.

திருவண்ணாமலையிலிருந்து இந்தக் கூடாரத்தோடு போக ஏற்ற இடம் ஜவ்வாது மலை. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறினால் சாமை விளையும் கொல்லைகள், பலா, புளி, தேன், பீமன் அருவி. இரவில் வானம் அவ்வளவு கருப்பு. வானியலாளர் வைணு பாப்பு 1960-களின் இறுதியில் காவலூரில் வான் நோக்ககம் அமைக்க இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கும் ஒரு காரணம் இந்த இருட்டுதான். காட்டுக்குள் போகாமல், பட்டா நிலத்தில் விவசாயியைக் கேட்டுக் கூடாரம் அடிப்பதே நல்லது.

முதல் தடவை தங்குகிறவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றே: குளிருக்குப் பயந்து ஜிப்பை முழுக்க இழுத்து மூடுவது. "மேல் ஜன்னலை மூடாதீங்க தம்பி, விடியறதுக்குள்ள மழையே இல்லாம நனைஞ்சிடுவீங்க" என்று வாடகைக்குக் கொடுப்பவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். பருத்தி மூச்சுவிடும், நைலான் விடாது. மூன்று பேரின் மூச்சுக் காற்று குளிர்ந்த துணியில் பட்டு முத்து முத்தாகி, அதிகாலையில் முகத்தில் சொட்டும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. அந்தக் காலத்துக் கயிறு நனைந்தால் இறுகியது. நைலான் துணி நனைந்தால் தொய்கிறது. ஆகவே இப்போதும் நடுராத்திரி மழையில் ஒருவர் வெளியே போகத்தான் வேண்டும், இந்தத் தடவை தளர்த்த அல்ல, இழுத்துக் கட்ட. போகிறவர் கூடாரத்துக்குள் படுத்திருந்தவரேதான். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் தாமதமாக வந்த நியாயம் இது.

மலை என்றால் எங்கும் அடிக்கலாம் என்று ஆகவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. பெரும்பாலும் பகலில் போய்ப் பகலிலேயே திரும்புகிற பாதைகள். அண்ணாமலை விஷயம் இன்னும் கண்டிப்பானது. சில பத்தாண்டுக்கு முன் மொட்டையாகக் கிடந்த மலையில் இன்று தெரியும் பச்சை, தொண்டர்களும் வனத்துறையும் நட்டு, கோடையில் தீத்தடுப்புப் பாதை வெட்டிக் காத்தது. காய்ந்த புல்லில் ஒரு ஸ்டவ் கவிழ்ந்தால் போதும். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகருக்கு மேலே மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. கொப்பரையும் நெய்யும் திரித்துணியும் மட்டும், வழக்கம்போல் மனிதர் தோளில், மேலே போயின.

ஆகவே அண்ணாமலையைச் சுற்ற வருகிறவர் கூடாரத்தை மடித்துப் பையிலேயே வைத்திருக்கட்டும். அடி அண்ணாமலையில் அதற்கு இன்றும் வேலையில்லை. ஜவ்வாதில் விரிப்பவர் நிலத்துக்காரருக்குக் காசு கொடுக்கட்டும். கலெக்டர் கூடாரம் கொடுக்க மறந்த காசு அது. கலாசி இல்லை, யானை இல்லை, தலையாரி இல்லை. கூடாரம் அவரவர் முதுகில் வந்து சேர்ந்துவிட்டது. குப்பை மட்டும் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் கிரிவலப் பாதையில் தட்டும் பாட்டிலும் அள்ளுபவர்கள் துப்புரவுப் பணியாளர்கள். அருவிக்கரையில் கிழிந்த டென்டையும் வளைந்த கம்பியையும் பொறுக்குபவர்கள் மலைக் கிராமத்துக்காரர்கள். வீட்டைத் தானே தூக்கக் கற்றுக்கொண்டவர் குப்பையையும் தானே தூக்கினால்தான் இந்தக் கணக்கு நேராகும்.