அடுத்தவர் நோட்டுப் புத்தகம்

1979-ம் வருஷத்துக் கோடைகாலம். அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்தில், இங்கிள்வுட் என்கிற ஊரில் ஒரு பீட்ஸா கடை. உள்ளே வாட்டசாட்டமான ஓர் இளைஞர் மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு கேஸட் ஓடுகிறது. அதில் யாரோ பேசுகிற மாதிரி பாடுகிறார்கள். பாடுகிற மாதிரி பேசுகிறார்கள். நம் ஆளும் கூடவே தலையை ஆட்டி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை பார்க்கிறார். ஒரே குஷி!

வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. அதில் நாற்பதைத் தாண்டிய ஓர் அம்மணி. அவருடைய மகன் இறங்கிப் போய் அந்த இளைஞரை அழைத்து வருகிறார். மாவு அப்பிய ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் காரில் ஏறி உட்கார்ந்தார் இளைஞர். எங்கே, எடுத்துவிடு பார்க்கலாம் என்றதும், வெளுத்துக்கட்டினார்.

சில மாதங்களில் அந்தக் குரல் அட்லான்டிக் கடலைத் தாண்டிவிட்டது. அதுவரை நியூயார்க்கின் ஒரு மூலையில் மட்டும் புழங்கிய ‘ராப்’ என்ற சமாசாரம் உலகத்துக்கே தெரிந்தது. எல்லாம் சரி. ஒரே ஒரு வில்லங்கம்தான். அந்த இளைஞர் பாடிய வரிகள் அவருடையவை அல்ல!

கதையை ஆறு வருஷம் பின்னால் தள்ளி ஆரம்பித்தால்தான் புரியும்.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி அப்போது எரிந்துகொண்டிருந்தது. நிஜமாகவே எரிந்துகொண்டிருந்தது. குடியிருப்புகளுக்கு நடுவே பெரிய நெடுஞ்சாலையைப் போட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கிளப்பியிருந்தார்கள். வசதியுள்ளவர்கள் புறநகர்களுக்குப் போய்விட, மிஞ்சியவர்கள் கறுப்பின ஏழைகளும் போர்ட்டோ ரீக்கோக்காரர்களும்தான். வாடகை வராத கட்டடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்ஷூரன்ஸ் பணத்துக்காகக் கொளுத்திவிட்ட வீட்டுக்காரர்களும் உண்டு. 1977-ல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் நேரில் வந்து, இடிபாடுகளுக்கு நடுவில் நடந்து பார்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பிராங்க்ஸில்தான் 1973-ம் வருஷம் ஆகஸ்ட் 11-ம் தேதி, செட்ஜ்விக் அவென்யூவில் 1520-ம் எண் கட்டடத்தின் பொது அறையில் ஒரு சின்ன பார்ட்டி. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, புதுத் துணி வாங்கக் காசு வேண்டும் என்று சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஏற்பாடு செய்தது. பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட் டிக்கெட். இசைத்தட்டு போடும் பொறுப்பு, ஜமைக்காவிலிருந்து குடியேறிய அவருடைய அண்ணன் கிளைவுக்கு. ஊர் வைத்த பெயர், டிஜே கூல் ஹெர்க்.

ஹெர்க் ஒரு விஷயத்தைக் கவனித்துவைத்திருந்தார். பாட்டில் எல்லா வாத்தியமும் ஓய்ந்து வெறும் தாளம் மட்டும் ஒலிக்கிற அந்தச் சில விநாடிகளில்தான் ஆடுகிறவர்களுக்கு வெறி பிடிக்கிறது. அந்தச் சில விநாடிகளையே நீட்டிவிட்டால்? ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகள், இரண்டு டர்ன்டேபிள்கள். ஒன்றில் தாளம் முடிந்ததும் மற்றதில் ஆரம்பம். அங்கே முடிந்ததும் மறுபடி இங்கே. அதன்மீது மைக்கைப் பிடித்து, வந்தவர்களை உற்சாகப்படுத்த நாலு வார்த்தை. நாலு வார்த்தை நாற்பது வரியானது. எதுகை சேர்ந்தது, போட்டி வந்தது, சவால் வந்தது. ஹிப்ஹாப் பிறந்த கதை இதுதான்.

ஆனால், இதை யாரும் ரெக்கார்டாகப் போட நினைக்கவில்லை. ஏன் போட வேண்டும்? அது அந்த ராத்திரிக்கான விஷயம். விடிய விடிய நடக்கும். பார்ட்டியில் பதிவுசெய்த கேஸட்டுகள் கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தன, அவ்வளவுதான். பிராங்க்ஸின் பெரிய ஜாம்பவானான கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷிடம் ரெக்கார்ட் போடலாமா என்று கேட்டபோது, பிராங்க்ஸுக்கு வெளியே இதை எவன் கேட்பான் என்று தட்டிக்கழித்துவிட்டார். பின்னாளில் ‘பப்ளிக் எனிமி’ குழு மூலம் உலகப் புகழ் பெற்ற சக் டியும் அப்படித்தான் நினைத்தார். மூன்று மணி நேரம் நடக்கிற விஷயத்தை எப்படி ஒரு இசைத்தட்டுக்குள் அடைப்பது என்று குழம்பிப்போனாராம்.

அதை அடைத்துக் காட்டியவர்தான் காரில் வந்த அம்மணி. பெயர் சில்வியா ராபின்சன். லேசுப்பட்ட ஆள் இல்லை. 1950-களிலேயே ‘மிக்கி அண்ட் சில்வியா’ என்ற ஜோடியில் ஒருவராக ஹிட் கொடுத்தவர். 1973-ல் தனியாகவும் ஒரு பெரிய ஹிட். கணவர் ஜோவுடன் சேர்ந்து ரெக்கார்ட் கம்பெனியும் நடத்தினார். அந்தக் கம்பெனி 1979-ல் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஹார்லெம் பகுதியில் ஒரு கிளப்புக்குப் போனார். மேடையில் லவ்பக் ஸ்டார்ஸ்கி என்ற டிஜே, தட்டைச் சுழலவிட்டுக்கொண்டே மைக்கில் பேசிப் பேசிக் கூட்டத்தை ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னால் கூட்டம் கத்தியது, நிறுத்தினால் நின்றது. சில்வியாவுக்குப் பொறி தட்டியது. இதை மட்டும் ரெக்கார்டாகப் போட்டால்!

ஆள் தேடினார்கள். அப்படிச் சிக்கியவர்தான் பீட்ஸா கடை இளைஞர். பெயர் ஹென்றி ஜாக்சன், செல்லமாக ‘பிக் பேங்க் ஹாங்க்’. கூடவே உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேர்: மைக்கேல் ரைட் என்கிற ‘வொண்டர் மைக்’, கை ஓ'பிரையன் என்கிற ‘மாஸ்டர் ஜீ’. மூவரில் யாரைத் தேர்ந்தெடுப்பது? எதற்கு வம்பு என்று மூவரையுமே எடுத்துக்கொண்டார் சில்வியா. ஹார்லெமில் கறுப்பினத்தவர் வசதியாக வாழ்ந்த பகுதிக்கு ‘சுகர் ஹில்’ என்று பெயர். அதையே புதுக் கம்பெனிக்கு வைத்தார். குழுவுக்கு ‘சுகர்ஹில் கேங்’. அவர்களுடைய முதல் பாட்டு, ‘ராப்பர்ஸ் டிலைட்’.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூவரில் ஒருவருக்குக்கூட பிராங்க்ஸ் மேடைகளில் ராப்பராகப் பெயர் கிடையாது. அங்கே உண்மையான கில்லாடி, கர்டிஸ் என்ற இளைஞர். ‘கிராண்ட்மாஸ்டர் கேஸ்’ என்றால் பிராங்க்ஸில் தெரியாதவர் இல்லை. ஹாங்க்கின் அப்போதைய உத்தியோகம், பீட்ஸா போட்டது போக, இந்த கேஸுக்கு மேனேஜராக இருந்ததுதான். பீட்ஸா கடையில் ஓடிய கேஸட்கூட கேஸுடையதுதான்.

சான்ஸ் கிடைத்ததும் ஹாங்க் நேராக கேஸிடம் போய் நின்றார். கேஸ் பல பேட்டிகளில் சொன்ன கதை இது. தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப்போட்டு, வேண்டியதை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டாராம். இவன் ஜெயித்தால் நம்மைக் கவனிக்காமலா போய்விடுவான் என்ற நம்பிக்கை. கையெழுத்து இல்லை, காகிதம் இல்லை.

‘திருவிளையாடல்’ தருமியை நினைத்துக்கொள்ளுங்கள். யாரோ எழுதிக் கொடுத்த பாட்டைப் பாண்டியன் சபையில் போய்ப் பாடினாரே, அதே கதைதான். ஆனால், தருமியாவது எழுதிக் கொடுத்ததை ஒழுங்காகப் பாடினார். ஹாங்க் அவசரத்தில் ஒரு காரியம் செய்துவிட்டார். கேஸுக்கு அதற்கு முன் ‘காஸனோவா ஃப்ளை’ என்று ஒரு மேடைப் பெயர் உண்டு. அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி, ‘நான்தான் அது’ என்று மார்தட்டுகிற மாதிரி கேஸ் எழுதிவைத்திருந்த வரிகளை அப்படியே, ஓர் எழுத்துகூட மாற்றாமல் பாடிவிட்டார். அடுத்தவர் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒரே பாடகர் இவராகத்தான் இருப்பார்!

வரிகள் கேஸுடையவை. இசை? அதுவும் கடன்தான். அந்தக் கோடையில் அமெரிக்கா முழுக்க ஒலித்த பாட்டு, ‘ஷீக்’ குழுவின் ‘குட் டைம்ஸ்’. ஆகஸ்டில் பில்போர்டு பட்டியலில் முதலிடம். அதில் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் வாசித்த பேஸ் கிடாரைக் கேட்டால், கால் தானாகத் தாளம் போடும். அதையே ஸ்டூடியோவில் வாத்தியக்காரர்களை உட்காரவைத்து, திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டர்ன்டேபிளில் பிறந்த கலை இது. டிஜேதான் அதன் ராஜா. மைக் பிடிப்பவர் அவருக்கு எடுபிடி. ஆனால், அந்தக் கலையை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய பாட்டில் டிஜேயே இல்லை! வாசித்தது பேண்டு வாத்தியக் குழு. அன்றைக்கு நாற்காலியை இழந்த டிஜே, பிறகு அதில் முழுசாக உட்காரவே இல்லை. ராப் என்றால் மைக் பிடிப்பவர்தான் என்றாகிவிட்டது.

1979 செப்டம்பரில் பாட்டு வெளியானது. நீளம் 14 நிமிடத்துக்கும் மேல். நாலு நிமிடப் பாட்டுக்கே வானொலியில் இடம் கிடைக்காத காலம். ஆனால், போட்ட இடத்திலெல்லாம் போன் மேல் போன், திரும்பப் போடு என்று. அமெரிக்காவின் ‘ஆர் அண்ட் பி’ பட்டியலில் 4-வது இடம், பிரிட்டனில் 3-வது. பில்போர்டின் பொதுப் பட்டியலில் முதல் 40-க்குள் நுழைந்த முதல் ராப் பாட்டு இதுதான். எட்டிய இடம் 36. இதற்குச் சற்று முன்னால் ‘ஃபேட்பேக் பேண்டு’ ஒரு ராப் ரெக்கார்ட் போட்டிருந்தது. ஆனால், ஊருக்கு முதலில் தெரிந்தது சுகர்ஹில் கேங்தான்.

பிராங்க்ஸில்? வயிற்றெரிச்சல்! யார் இந்தப் பையன்கள், எந்த மேடையில் நின்றார்கள் என்று கொதித்தார்கள். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதை.

இனிதான் முக்கியமான கட்டம். ‘ஷீக்’ குழுவின் நைல் ராட்ஜர்ஸ் ஒரு கிளப்பில் இருந்தபோது, தன் பாட்டின் மேல் யாரோ பேசுவது கேட்டது. டிஜே ஏதோ சேட்டை செய்கிறார் என்று நினைத்தார். விசாரித்தால், அது கடையில் விற்கிற ரெக்கார்ட்! கேஸ் போடுவேன் என்று எச்சரித்தார்கள். சுகர் ஹில் சமரசத்துக்கு வந்தது. பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் ராட்ஜர்ஸ், எட்வர்ட்ஸ் பெயர்கள் ஏறின, ராயல்டியும் வந்தது. கோபம் தணிந்த ராட்ஜர்ஸ், தனக்கு மிகவும் பிடித்த பாட்டுகளில் அதுவும் ஒன்று என்று பிற்பாடு சொன்னார்.

கிராண்ட்மாஸ்டர் கேஸுக்கு? பெயரும் இல்லை, பைசாவும் இல்லை. ஒரே பாட்டில் இரண்டு பேருடைய சொத்து போனது. ஒருவரிடம் ரெக்கார்ட் கம்பெனி இருந்தது, வக்கீல் இருந்தார், பதிவுசெய்த பத்திரம் இருந்தது. நியாயம் கிடைத்தது. இன்னொருவரிடம் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம். அதையும் கடன் கொடுத்துவிட்டார்! வாய்மொழியாக வளர்கிற எந்தக் கலையும் சந்தைக்கு வருகிற நாளில் இதே கேள்வியைச் சந்திக்கிறது. படைத்தவனுக்குப் பங்கா, பத்திரம் வைத்திருப்பவனுக்குப் பங்கா?

அதற்காக சில்வியாவை வில்லியாக்கிவிடவும் முடியாது. கதவைத் திறந்தவர் அவர்தானே! அதே 1979-ல் கர்டிஸ் ப்ளோ, பெரிய கம்பெனி ஒப்பந்தம் செய்த முதல் ராப்பர் ஆனார். வேண்டாம் என்று சொன்ன கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷே 1980-ல் சுகர் ஹில்லுக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து 1982-ல் ‘தி மெசேஜ்’ வந்தது. கும்மாளத்துக்குப் பதிலாக உடைந்த கண்ணாடியையும் வறுமையையும் பேசிய பாட்டு. இதெல்லாம் எடுபடாது என்று குழுவே தயங்க, பிடிவாதமாக அதை வெளிக்கொண்டு வந்தவரும் சில்வியாதான்.

சுகர் ஹில் கம்பெனி 1980-களின் நடுவில் இழுத்து மூடப்பட்டது. சில்வியா 2011-ல் காலமானார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காலத்துக்கும் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2011-ம் ஆண்டுப் பட்டியலில் ‘ராப்பர்ஸ் டிலைட்’டைச் சேர்த்தது. ஹாங்க் 2014-ல் கேன்சரில் இறந்தார். கேஸ் 2000-ல் தன் தரப்பைச் சொல்லித் தானே ஒரு பாட்டுப் போட்டார். அதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

ஆனாலும் ஒன்று. ‘ராப்பர்ஸ் டிலைட்’ உலகத்தின் எந்த மூலையில் ஒலித்தாலும், ஹாங்க்கின் முறை வந்ததும், கேஸின் அந்தப் பழைய மேடைப் பெயர் எழுத்தெழுத்தாக ஒலிக்கத்தான் செய்கிறது. இசைத்தட்டின் மேல் ஒட்டிய காகிதத்தில் இடம் கிடைக்காத பெயர், பாட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எடுத்தவரின் வாயாலேயே!