பிரதிகளின் ஒருமை: அலுவிகாரையும் பலர் ஆடும் கணினி விளையாட்டும்

பலர் ஒருங்கே ஆடும் கணினி விளையாட்டொன்றுக்கு எவ்வலையமைப்பு முறையைத் தெரிவது என்பது பொறியியலாளர் தம்முள் தீர்த்துக்கொள்ளும் வினாவாகவே கருதப்படுகிறது. அவ்வினாவின் உள்ளடக்கமோ பழையது. பிரிந்திருப்போர் பலரிடம் ஒரே பொருளின் பிரதிகள் இருக்கையில் அவை வேறுபடாதிருக்க வழி யாது? வேறுபடின் எப்பிரதி மெய்யானது? மாத்தளை நகருக்கு வடக்கேயுள்ள அலுவிகாரைக் குகைகள் இதற்குக் கிடைத்த ஒரு விடையுடன் தொடர்புடையவை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், பாளித் திரிபிடகம் எழுத்துருப் பெற்றதை மகாவம்சம் கூறும். இடத்தை அது சுட்டவில்லை. அலுவிகாரையைச் சுட்டுவன பிற்காலச் சிங்கள நூல்களும் மரபுமே.

அதற்கு முன்னர் நூல் நினைவிலேயே வாழ்ந்தது. தீக நிகாயத்துக்கு ஒரு சாரார், மச்சிம நிகாயத்துக்கு வேறொரு சாரார் எனப் பாணகர் எனப்பட்டோர் (ஒலி ஒத்திருப்பினும் நம் பாணரோடு இவரைக் குழப்பலாகாது) அதனைப் பகுதி பகுதியாகச் சுமந்தனர். கூடியோதுதலே பிழை களையும் முறை. ஒருவர் தவறின் மற்றையோர் குரல் அதனைக் காட்டிவிடும்.

1997இல் வெளிவந்த ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்’ இம்முறைக்கு மிக நெருங்கியது. விநாடிக்கு 28.8 கிலோபிட்டு மட்டுமே கடத்தவல்ல மோடத்தினூடாக நூற்றுக்கணக்கான படைவீரரின் நிலையை இடையறாது அனுப்புதல் இயலாது. ஆகவே ஒவ்வொரு கணினியும் முழுப்போரையும் தானே கணித்தது. ஆடுவோரின் கட்டளைகள் மாத்திரமே கம்பியிற் சென்றன. அவை இரு சுற்றுகள் கழித்து எல்லாக் கணினிகளிலும் ஒரே சுற்றில் நிறைவேறின. மெதுவான ஒருவருக்காக அனைவரும் காத்திருக்க நேர்ந்தது. ஓரிடத்தே நுழையும் சிறு வேறுபாடு பெருகி, ஒரு போர் இரு போராகிவிடும்.

பஞ்ச காலத்தில் அறுபது பிக்குகள் மலைநாட்டில் கிழங்கும் இலையும் உண்டு ஓதிவந்தனர் என்றும், உட்காரும் வலுவிழந்தபோது மணலைக் குவித்துத் தலைகளை ஒருங்குசேர்த்துக் கிடந்தவாறே நூலைச் சிந்தித்தனர் என்றும் அங்குத்தர நிகாய உரை கூறும். கடல்கடந்து சென்ற எழுநூற்றுவர் மீண்டபோது இரு சாராரும் பாடங்களை ஒப்பிட, ஓரெழுத்தும் வேறுபடவில்லையாம். இக்கதையை அப்படியே ஏற்க நாம் தயங்குகிறோம். சமந்தபாசாதிகை தரும் செய்தி சங்கத்துக்குப் பெருமை தராதது. ஆதலின் அதிகம் நம்பத்தக்கது. மகாநித்தேசம் அறிந்தவர் ஒரேயொரு பிக்குவாகக் குறுகினார். அவரோ ஒழுக்கங் குன்றியவர். அவரிடமே அதனைக் கற்கவேண்டியதாயிற்று.

எழுத்து அன்று புதிதன்று. அதற்கு முன்பே குகைகளில் பிராமி எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ஆகவே நுட்பத்தின் வருகையால் மாற்றம் நிகழ்ந்ததெனல் பொருந்தாது. ஓதுவோரை ஊட்டியது வேளாண்மையின் உபரி. படையெடுப்பும் கிளர்ச்சியும் பஞ்சமும் அதனைக் குலைத்தபோதே ஏடு இன்றியமையாததாயிற்று. அரசன் அபயகிரியை ஆதரித்த சூழலில், தலைநகருக்கு அப்பால், உள்ளூர்த் தலைவன் ஒருவனின் ஆதரவில் மகாவிகாரையினர் எழுதினர் என்ற மரபையும் இங்கு மனங்கொள்ள வேண்டும். மெய்யான பிரதி எங்குள்ளது என்பது எவர் கையில் உள்ளது என்பதுமாகும்.

1996இல் வந்த ‘குவேக்’ மெய்ந்நிலையை ஒரு வழங்கியிடம் ஒப்படைத்தது. அதனால் நேரும் தாமதத்தை மறைக்க, அவ்வாண்டிறுதியில் வெளியான ‘குவேக்வேர்ல்ட்’டில் ஆடுபவரின் கணினி தன் அசைவை ஊகித்துக் காட்டி, வழங்கியின் விடை வந்ததும் திருத்திக்கொண்டது. வழங்கி நிரலை ஆடுவோரே இயக்க முடிந்தது. 1999இல் மூலநிரலும் பொதுவில் வெளியிடப்பட்டது. 2014இல் விற்பனைக்கு வந்த ‘த குரூ’வின் வழங்கியோ நிறுவனத்திடமே இருந்தது. 2024 மார்ச் 31இல் அது நிறுத்தப்பட்டதும், விலைகொடுத்து வாங்கியோரால் தனியாகக்கூட அதனை ஆட இயலவில்லை. தாமதத்தையும் ஏமாற்றைத் தடுத்தலையும் மட்டும் கருதி முறையைத் தெரிவோர் இவ்வுடைமை வினாவைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஏட்டை வழங்கியோடு முற்றாக ஒப்பிட நாம் முனையவில்லை. ஏட்டைப் படியெடுக்கலாம். 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அலுவிகாரையின் சுவடிகள் அழிந்தன என்பர். திரிபிடகத்தின் படிகள் பிற விகாரைகளிலும் பர்மாவிலும் சீயத்திலும் இருந்தன.