வயிற்றுக்கட்டும் நாற்பது நாளும்



அரசர்களின் போர்களையும் உடன்படிக்கைகளையும் வரலாறு என்று பல ஆண்டுகள் வகுப்பறையில் கற்பித்தவன் நான். ஆயினும் ஒரு பழைய நூற்சேலைக்கும் வரலாறு உண்டு என்பதை இன்று மாணவ மாணவியர்க்குச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளை பெற்ற தாயின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணியையே குறிப்பிடுகிறேன்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய பாலாற்றங்கரை ஊர்களில் என் இளமைக்காலத்தில் இவ்வழக்கத்தை அறியாத வீடு அரிது. துவைத்துத் துவைத்து மென்மையான சேலையை நீளமாக மடித்து, இடுப்பெலும்பிலிருந்து விலாவின் கீழ்வரை சுற்றுவார்கள். தாயைப் பெற்றவளோ மருத்துவச்சியோ இதைச் செய்வாள். வெந்நீர்க் குளியலுக்குப் பின் மீண்டும் கட்டுவார்கள். பூண்டும் சுக்கும் மிளகும் சேர்ந்த பத்திய உணவு தருவார்கள். பிரசவ லேகியமும் உண்டு. அவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்பார்கள். குடம் தூக்க விடமாட்டார்கள். முஸ்லிம் இல்லங்களிலும் நாற்பது நாள் ஓய்வு உண்டு. மலாய் மக்களும் ‘பெங்குங்’ என்னும் நீண்ட துணியை இவ்வாறே சுற்றுகின்றனர். கடல் கடந்த மக்களுக்கும் இவ்வழக்கம் பொதுவாக இருப்பது சிந்திக்கத் தக்கது.

இக்கட்டு என்ன செய்கிறது? நிறைமாதத்தில் ஏறத்தாழ 1 கிலோ எடையுள்ள கருப்பை, ஆறு வாரங்களில் 100 கிராமுக்கும் குறைவாகச் சுருங்குகிறது. சுருக்குவது துணி அன்று. உடலே அதனைச் செய்கிறது. குழந்தை பால் குடிக்கும்போது தாயின் உடலில் சுரக்கும் ஒரு பொருள் அதற்கு உதவுகிறது. கருவுற்ற காலத்தில் விலகிய வயிற்றுத் தசைகளுக்கும் இடுப்புக்கும் துணி ஓரளவு தாங்கலாக நிற்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் மூச்சுத் திணறும். அடிவயிற்றின் உறுப்புகள் கீழ்நோக்கி அழுத்தப்படும். எனவே கட்டு ஒரு துணையே, மருந்தன்று.

ஆயினும் நம் பாட்டிமார் வகுத்த நாற்பது நாள் கணக்கு வியப்பிற்குரியது. மகப்பேற்றை ஒட்டிய தாய் மரணங்களைக் கணக்கிட உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள காலம், கருக்காலம் முடிந்த பின் 42 நாள். தாய்க்கு ஆபத்து பிள்ளை பிறந்தவுடன் நீங்கிவிடுவதில்லை என்பதை இரு கணக்குகளும் உணர்த்துகின்றன.

பழமை அனைத்தையும் போற்றலாமா? கூடாது. தாகத்தால் தவித்தவளுக்குத் தண்ணீர் மறுத்த வீடுகள் இருந்தன. கழுவாத கையும் தூய்மையற்ற கருவியும் காய்ச்சலைக் கொணர்ந்தன. மருத்துவர் கைகளைக் குளோரின் நீரில் கழுவினாலே பிரசவக் காய்ச்சல் குறையும் என்று வியன்னா நகரில் செம்மெல்வைஸ் 1847-ஆம் ஆண்டில் காட்டினார். அவ்வறிவு உலகெங்கும் பரவ நெடுங்காலம் ஆயிற்று.

நம் பகுதியில் அத்தகைய பணிக்கு வித்திட்டவர், இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆடவர் தம் மனைவியரின் பிரசவத்துக்கு அவருடைய உதவியை வேண்டினர். அவரோ அப்போது மருத்துவம் கல்லாதவர். அவருடைய தந்தை மருத்துவர். ஆயினும் ஆண் மருத்துவரை அக்குடும்பங்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்ற அம்மையார், வேலூருக்கு வந்து 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். உயிர் காக்க அன்பு மட்டும் போதாது, பயின்ற கையும் வேண்டும் என்பதே அவர் வாழ்வு தரும் பாடம்.

இனி ஒரு கேள்வி எஞ்சுகிறது. மருத்துவமனை உயிரைக் காக்கலாம். ஓய்வை யார் தருவது? தோல் தொழிலும் காலணித் தொழிலும் செழித்த எங்கள் ஊர்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் உழைக்கின்றனர். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 12 வாரச் சம்பள விடுப்பை அளித்தது. 2017-இல், முதல் இரு குழந்தைகளுக்கு அது 26 வாரமாக உயர்ந்தது. ஆனால், தொழிற்சாலை வாயிலுக்குள் செல்லாமல், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காலணியின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் பெண்களும் இருக்கின்றனர். இணைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் அவர்கள், ஒரு நாள் ஊசியை வைத்துவிட்டால் அன்றைய கூலி இல்லை. அத்தகைய வீட்டில் நாற்பது நாள் என்பது எட்டாக்கனி.

மாணவச் செல்வங்களே! அந்தப் பழஞ்சேலையின் உண்மைப் பொருள் யாது? ‘நீ படுத்திரு, உன் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று குடும்பம் தாய்க்குக் கொடுத்த வாக்குறுதியே அது. துணியைக் கட்டிவிட்டு மறுநாளே குடத்தைக் கையில் கொடுத்தால், அக்கட்டினால் என்ன பயன்? உங்கள் இல்லத்தில் அக்காளோ அண்ணியோ பிள்ளை பெற்று வரும்போது, தண்ணீர் சுமப்பதும் பாத்திரம் துலக்குவதும் உங்கள் பங்காகட்டும். அதிக உதிரப்போக்கோ காய்ச்சலோ கண்டால், பத்தியம் பேசிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூத்தோர் தந்த பரிவையும், மருத்துவம் தந்த தூய்மையையும் ஒருங்கே போற்றுவதே கற்றவர்க்கு அழகு.