அட்டையில் ஏறாத ஆட்டக்காரர்கள்

ஓர் ஆட்டத்தின் வரலாற்றை வெற்றிக் கிண்ணங்கள் முழுமையாகக் கூறுவதில்லை. கிண்ணத்தில் அணியின் பெயர் பொறிக்கப்படும். அணிவிட்டு அணி மாறி, ஊர் ஊராய்ச் சென்று ஆடியவனின் பெயர் எங்கே பொறிக்கப்படும்? அமெரிக்காவில் அவ்வினாவிற்கு விடையாக அமைந்தது ஒரு சிறு அட்டை.

1880ஆம் ஆண்டுகளில் சிகரெட் பெட்டி நசுங்காதிருக்க உள்ளே வைத்த தடித்த அட்டையில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படங்களை அச்சிடலாயினர். பின்னர் மெல்லும் மிட்டாயோடு அவ்வட்டைகள் சிறுவர் கைகளை அடைந்தன. 1952இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட அட்டைகளின் பின்புறத்தில் ஆட்டக்காரரின் வாழ்க்கைக் குறிப்பும் புள்ளிக் கணக்கும் இடம் பெற்றன. நட்சத்திரத்திற்கும் நாடோடிக்கும் ஒரே அளவு அட்டைதான்.

போபோ நியூசம் அத்தகைய நாடோடி. ஒன்பது அணிகளுக்குப் பந்து வீசியவர். வாஷிங்டன் அணிக்கு மட்டும் ஐந்து முறை வந்து சேர்ந்தவர். வென்றவை 211, தோற்றவை 222. 1940ஆம் ஆண்டின் இறுதித் தொடரில் முதல் ஆட்டத்தை வென்ற மறுநாள் தந்தையை இழந்தார். ஆயினும் ஐந்தாம் ஆட்டத்தில் எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடாமல் வென்றார்.

இவ்வட்டைகளைக் காத்தவர் செல்வந்தரல்லர். சிராக்கியூஸ் நகரின் மின்கருவித் தொழிற்சாலை ஊழியரான ஜெஃபர்சன் பர்டிக், மூட்டு நோயால் விரல்கள் முடங்கிய நிலையிலும், மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட அச்சுப் படங்களைச் சேர்த்து, வகைப்படுத்தி, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். 1963இல் அப்பணி முடிந்தது. அவ்வாண்டிலேயே அவர் வாழ்வும் முடிந்தது.

இனி நம் ஈப்போவை நோக்குவோம். 1921இல் மலாயாக் கிண்ணமாகத் தொடங்கிப் பின்னர் மலேசியக் கிண்ணமான போட்டியில் பேராக் 1957, 1967, 1970 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது. ஈப்போவில் பிறந்த கோல் காவலர் சௌ சீ கியோங் ஹாங்காங் சென்று தொழில்முறை ஆட்டக்காரராய்ப் புகழ் பெற்றார். நெகிரி செம்பிலானுக்கும் சிலாங்கூருக்கும் ஆடிய ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ எனப்பட்டார். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியில் அவர் இருந்தார். நாடு புறக்கணித்தமையால் செல்லவில்லை. 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். இவர்களைச் செய்தித்தாள்கள் காத்தன.

சிலிபினைச் சூழ்ந்த கிந்தா வட்டாரத் தோட்டத் திடல்களில், காலையில் பால்வெட்டி மாலையில் வெறுங்காலோடு பந்தாடியவர்களை யார் காப்பது? துண்டாடலை எதிர்த்து 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நிலத்தில் ஒரு பகுதி தப்பியது. செம்பனையும் வீடமைப்பும் வந்தபோது மக்கள் சிதறினர். அணிப்படங்கள் பெட்டியடியில் கறையானுக்கு இரையாயின.

எஞ்சியவை இன்றும் சில வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. அவற்றின் பின்புறம் வெறுமையாகவே உள்ளது. படத்தில் நிற்பவர் இன்னார் எனச் சுட்டவல்ல முதியோர் இருக்கும்போதே அங்கே பெயர்களை எழுதி வைத்தல் வேண்டும். பர்டிக்கிற்கு முடங்கிய விரல்கள் தடையாகவில்லை. நமக்கு ஓர் எழுதுகோல் போதும்.