கண்மணி சொல்லும் சேதி

மயங்கிக் கிடப்பவரின் இமையைத் திறந்து, மருத்துவர் சிறு விளக்கைக் காட்டிப் பார்ப்பதைப் பலரும் கண்டிருப்பர். அவர் சோதிப்பது கண்ணை மட்டுமல்ல; மூளையையும்தான். வெளிச்சம் பட்ட செய்தி விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வழியே நடுமூளைக்குப் போகிறது. அங்கிருந்து வேறொரு நரம்பு கட்டளையைக் கொண்டுவர, கண்மணி சுருங்குகிறது. இந்தப் பாதையில் எங்கே தடை ஏற்பட்டாலும் கண்மணி காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த அறிவு பழமையானது. ஒரு கண்ணை மூடினால் மறுகண்ணின் கண்மணி விரிவதை 2ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் காலன் கவனித்தார். ஒளிக்குக் கண்மணி சுருங்குவது நரம்புவழி எதிர்வினை என்பதை 1751இல் எடின்பரோ மருத்துவர் ராபர்ட் விட் விளக்கினார். அதே நகரின் ஆர்கைல் ராபர்ட்சன், அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது சுருங்கி, ஒளிக்கு மட்டும் சுருங்காத கண்மணிகளை 1869இல் விவரித்தார். முற்றிய மேகநோய் நரம்புகளைத் தாக்கியதன் அடையாளம் அது என்பது பின்னர் தெளிவாயிற்று.

ஆனால் எவ்வளவு சுருங்கியது, எவ்வளவு வேகத்தில் சுருங்கியது என்பதை வெறும் கண்ணால் துல்லியமாகச் சொல்ல முடியாது. நாஜிகளிடமிருந்து தப்பி 1933இல் ஜெர்மனியைவிட்டு வெளியேறிய ஓட்டோ லோவன்ஸ்டைனும், ஐரீன் லோவன்ஃபெல்டும் 1958இல் நியூயார்க்கில் அகச்சிவப்பு ஒளியால் கண்மணியை அளக்கும் மின்னணுக் கருவியை விளக்கி எழுதினர். இத்தகைய கருவிகள் நெடுங்காலம் ஆய்வுக்கூடங்களிலும் பெரிய மருத்துவமனைகளிலுமே இருந்தன.

திறன்பேசி வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. 2017இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கைத்தொலைபேசியைப் பொருத்திக் கண்களுக்கு முன்னால் பிடிக்கும் பெட்டி ஒன்றைச் செய்தனர். ஒளிவிளக்கு மின்ன, மூன்று விநாடிக் காணொளியைக் கணினி அலசியது. தலையில் அடிபட்டவர்களை விரைவில் கண்டறிவதே அவர்களின் நோக்கம்.

ஆனால், கரும்பழுப்புக் கண்களில் கருநிறக் கண்மணியின் விளிம்பைச் சாதாரணக் கேமரா எளிதில் பிரித்தறியாது. தமிழர், மலாய்க்காரர், சீனர் கண்களில் பெரும்பாலானவை அந்த நிறமே. 2022இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள் திறன்பேசியின் அகச்சிவப்புக் கேமராவைப் பயன்படுத்தி இதற்கு வழி கண்டனர். எல்லா நிறக் கண்களிலும் சோதித்துச் சரிபார்க்காத கருவி, எல்லாருக்கும் உதவாது.

வயது, மருந்து, அறையின் வெளிச்சம் ஆகியவையும் கண்மணியை மாற்றும். ஆகவே கைத்தொலைபேசி எச்சரிக்கலாம். நோய் இன்னதென்று முடிவு சொல்ல மருத்துவரே வேண்டும். தலையில் பலத்த அடிபட்டவரை முதலில் கொண்டுசெல்ல வேண்டிய இடமும் மருத்துவமனைதான்.